சொல்தாவின் துப்பாக்கிக்கு வால்நட் கட்டை எதற்கு?

போன வாரம் பிரான்சிலிருந்து என் தங்கை பேரன் வாட்ஸ்அப்பில் நான்கு படங்கள் அனுப்பினான். கூடவே பிரெஞ்சில் ஒரு நீளமான செய்தி. அவன் ஓர்லெயான் பக்கம் வேலையில் இருக்கிறான். சொலோஞ் காட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகும் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான், உரிமமும் வாங்கிவிட்டான். படத்தில் இருந்தது ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி. மாஸ் 36.

அவன் எழுதியதன் சுருக்கம் இது: "தாத்தா, கொள்ளுத்தாத்தா இந்தோசீனாவில் தூக்கிய அதே மாடல் கிடைத்துவிட்டது. இதை என் ஆர்மூரியேவிடம் கொடுத்து வேட்டைத் துப்பாக்கியாக மாற்றப் போகிறேன். முன்கட்டையை எடுத்துவிட்டு, நல்ல வால்நட் மரத்தில் புதிதாகக் கட்டை செய்து, குழலைக் கொஞ்சம் குறைத்து, தொலைநோக்கி பொருத்தி, மேலே பளபளவென்று கறுப்பேற்றிவிடுவார். கட்டையில் ஒரு வெள்ளித் தகடு பதித்துக் கொள்ளுத்தாத்தா பெயரைப் பொறிக்க வேண்டும். அவர் யூனிஃபார்மில் இருக்கும் படம் உங்களிடம் இருக்கிறதாமே, அனுப்புங்கள். அதைப் பார்த்து ஆர்மூரியே ஏதாவது செதுக்குவார்."

பையன் நல்ல பையன். மரியாதை செய்வதாக நினைத்துத்தான் கேட்கிறான். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவனிடம் காட்டாமல் இங்கே கொட்டுகிறேன். நம் வலைப்பூவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்தா வீட்டுப் பிள்ளைகள். உங்களுக்கும் இப்படி ஒரு படம் வரலாம்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கடற்கரை பெஞ்சில் மாலை நேரத்தில் என்னோடு உட்காரும் நண்பர் படங்களைப் பார்த்துவிட்டு, "முசே, நம்ம ஊரில வேட்டையே 1972 சட்டத்தோட முடிஞ்சு போச்சு, உமக்கு எதுக்குய்யா இந்த வம்பு?" என்றார். நான் வேட்டைக்காரன் இல்லை. வாழ்நாளில் ஒரு காடையைக்கூடச் சுட்டதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பும் பதிவேடும் பார்த்த ஆள். ஒரு துப்பாக்கியை நான் பார்க்கும் கண்ணும் அந்தக் கண்தான். அதன் உடம்பில் அடித்திருக்கும் எண்ணும் முத்திரையும்தான் எனக்கு முதலில் தெரியும்.

பையன் அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடலில் அடித்த எண்ணும் போல்ட்டில் அடித்த எண்ணும் ஒன்றே. இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். இந்த இரண்டும் பட்டறையில் சேர்ந்து பிறந்து, போர், கிடங்கு, பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் கடந்து இத்தனை வருஷம் பிரியாமல் இருந்திருக்கின்றன. மூன்றாவது படத்தில் கட்டையின் பக்கவாட்டில், சதுரமாக ஒரு சின்ன மர ஒட்டு தெரிகிறது. எங்கேயோ இடிபட்டு மரம் பெயர்ந்திருக்கிறது. ராணுவப் பட்டறையில் யாரோ ஒரு தச்சன் அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, அதே அளவுக்கு வேறு மரத்துண்டு சீவி வைத்து, ரேகை ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒட்டியிருக்கிறான். புதுக் கட்டை போட்டுவிட்டுப் போகலாம், போடவில்லை. அரசாங்கச் சொத்தைக் காப்பாற்றியிருக்கிறான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய உறையைத் திருப்பி ஒட்டி மறுபடி பயன்படுத்தச் சொல்வார்கள். அந்த ஒட்டு எனக்கு அதை ஞாபகப்படுத்தியது. ஆர்மூரியே முதலில் குப்பையில் போடப் போவது இந்தக் கட்டையைத்தான்.

அரசு ஊழியனுக்குப் பணிப் பதிவேடு என்று ஒன்று உண்டு. சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, விடுப்பு, தண்டனை, ஓய்வு, எல்லாம் அதில் இருக்கும். ஒரு பக்கத்தைக் கிழித்தால் ஓய்வூதியம் நிற்கும். ராணுவத் துப்பாக்கிக்கு அந்தப் பதிவேடு அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. அதைத் தேய்த்து மெருகு போட்டுவிட்டு, மேலே வெள்ளித் தகட்டில் பெயர் பொறிப்பது, பதிவேட்டை எரித்துவிட்டு அட்டைக்குத் தங்க எழுத்து அடிப்பது போல.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். பையனும் சொன்னான், நண்பரும் சொன்னார்.

"இப்படி மாற்றுவது நூறு வருஷமாக நடக்கிறதே" என்பது முதல் வாதம். உண்மைதான். நான் மறுக்கவில்லை. பிரான்சில் 1886-ல் லெபெல் துப்பாக்கி வந்ததும் அதற்கு முன்பிருந்த 1874-ம் வருஷத்துக் கிரா துப்பாக்கிகள் குவியல் குவியலாகத் தேங்கின. சேந்த் எத்தியேனிலும் பெல்ஜியத்து லியேழிலும் அவற்றை வாங்கி, குழலின் உள்வரிகளைக் கடைந்து வழவழப்பாக்கி, 16, 20, 24 நம்பர் தோட்டாவுக்கு ஏற்ற ஒற்றைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளாக விற்றார்கள். முயல் அடிக்கும் ஏழைக் குடியானவன் வாங்கினான். அவனுக்கு இரட்டைக் குழல் வாங்கக் காசில்லை. அதை யார் குறை சொல்வது?

அமெரிக்காவிலும் அப்படித்தான். தியோடர் ரூஸ்வெல்ட் தனக்கென்று வேட்டைக்குத் தோதான கட்டையோடு ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ஒன்றைச் செய்து வாங்கி, 1909-ல் ஆப்பிரிக்காவுக்கே கொண்டு போனார். அதைப் பார்த்து அந்த ஊரில் பெரிய பெரிய கைவினைஞர்கள் ராணுவத் துப்பாக்கியை எடுத்து அழகான வேட்டைத் துப்பாக்கி செய்யக் கிளம்பினார்கள். அந்த வேலைகளில் சில உண்மையிலேயே கலைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லீ-என்ஃபீல்டும் மௌசரும் மலைபோலக் குவிந்து கிடந்தபோது, புதிய வேட்டைத் துப்பாக்கி வாங்க வக்கில்லாதவன் ஒரு பழையதை வாங்கி, முன்கட்டையை ரம்பத்தால் அறுத்து, மான் அடித்துக் குடும்பத்துக்குக் கறி கொண்டுவந்தான். சரி. அப்போது அது மலிவு, தேவையும் இருந்தது.

பிரான்சில் இன்னொரு காரணமும் இருந்தது, அது ஒரு குமாஸ்தா காரணம். 1939 ஏப்ரல் 18-ந் தேதி ஆணை ஆயுதங்களை வகைவகையாகப் பிரித்தது. ராணுவம் பயன்படுத்தும் தோட்டாவைச் சுடுகிற துப்பாக்கி 'போர் ஆயுதம்', சாதாரண வேட்டைக்காரன் வைத்துக்கொள்ள முடியாது. தோட்டா வேறு அளவாக இருந்தால் அதே துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கி ஆகிவிடும்! ஆகவே ஆர்மூரியேக்கள் என்ன செய்தார்கள்? ஜெர்மன்காரனிடமிருந்து கிடைத்த மௌசர் 98-ல் தோட்டா உட்காரும் அறையை மூன்று மில்லிமீட்டர் ஆழப்படுத்தினார்கள். 8×57 போய் 8×60 ஆயிற்று. போர் ஆயுதம் ஒரே நாளில் சாதுவாகிவிட்டது. நம்முடைய மாஸ் 36-க்கு 7.5 மில்லிமீட்டர் குழலை எடுத்துவிட்டு 7 மில்லிமீட்டர் குழல் போட்டார்கள், அதற்கு 7×54 ஃபூர்னியே என்று பெயர். பன்றிக்கு அந்த அரை மில்லிமீட்டர் வித்தியாசம் தெரிந்திருக்குமா?

சிரிக்காதீர்கள், நம் நாட்டிலும் இதே கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் .450 குண்டை இந்தியாவில் தடை செய்தான், மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு அந்தக் குண்டு போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம். உடனே இங்கிலாந்துத் துப்பாக்கிக் கடைக்காரர்கள் .465, .470, .475 என்று வரிசையாகப் புது அளவுகளைக் கண்டுபிடித்தார்கள். யானைக்கு எது பட்டாலும் ஒன்றுதான். .303 ராணுவத் தோட்டா என்பதால் குடிமக்களுக்குக் கூடாது. ஆனால் ஈஷாப்பூர் தொழிற்சாலையே அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில், பழைய ஆஸ்திரிய மான்லிக்கர் தோட்டாவுக்குப் பொருந்துகிற மாதிரி .315 செய்து ஜனங்களுக்கு விற்றது. எண் மாறினால் போதும், கோப்பு நகரும். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கோப்பு நகர்த்தியவன்தான், எனக்குத் தெரியாதா?

ஆனால் கவனியுங்கள். பிரான்சில் அந்தச் சட்டமே மாறிவிட்டது. 2012 மார்ச்சில் புதுச் சட்டம் நிறைவேறி 2013 செப்டம்பர் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் வகை பிரிக்கிறார்கள். கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் மாஸ் 36-ஐ, அதன் அசல் 7.5 குழலோடு, வேட்டை உரிமம் உள்ளவன் முறைப்படி பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். பையனும் அப்படித்தான் வாங்கியிருக்கிறான். ஆக, வெட்ட வேண்டிய சட்டக் கட்டாயமும் இல்லை. விண்ணப்பத்தை மூன்று பிரதியாகக் கேட்கும் விதி போய் இருபது வருஷம் ஆன பிறகும் மூன்று பிரதி கேட்கும் அலுவலகங்கள் உண்டு. இந்த வெட்டும் பழக்கமும் அப்படித்தான் நிற்கிறது.

மலிவு என்ற காரணமும் போய்விட்டது. பையன் ஆர்மூரியே கொடுத்த மதிப்பீட்டையும் அனுப்பியிருந்தான். (எனக்குக் கணக்குப் பிடிக்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.) கட்டை, குழல் வேலை, தொலைநோக்கிக்கு அடிப்பகுதி, விசை, கறுப்பேற்றுதல், பிறகு சேந்த் எத்தியேன் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி முத்திரை வாங்கும் செலவு. கூட்டிப் பார்த்தால், தொழிற்சாலையில் வேட்டைக்கென்றே செய்த புதுத் துப்பாக்கி ஒன்றை, தொலைநோக்கியோடு, வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம். பழைய காலத்தில் பணம் இல்லாதவன் வெட்டினான். இப்போது பணம் அதிகம் உள்ளவன் வெட்டுகிறான்.

சரி, செலவு அவன் பாடு. வேலைக்காவது ஆகுமா? இங்கேதான் எனக்கு உண்மையான பயம். மாஸ் 36-ல் பாதுகாப்புப் பூட்டே கிடையாது. எந்தப் பக்கம் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் வைக்கவே இல்லை. பிரெஞ்சு ராணுவத்தின் எண்ணம் அது. சிப்பாய் அறையில் தோட்டா இல்லாமல்தான் நடப்பான், உத்தரவு வந்தால்தான் போல்ட்டைத் தள்ளுவான். வரிசையில், அதிகாரி கண்ணெதிரே நிற்கும் ஆளுக்கு அது பொருந்தும். சொலோஞ் காட்டில் புதர் அசையும் திசையைப் பார்த்துக்கொண்டு, தோட்டா ஏற்றி, இரண்டு பக்கமும் தோழர்களை வைத்துக்கொண்டு நிற்கும் வேட்டைக்காரனுக்கு? அதற்குப் பூட்டு வைக்க வேண்டும் என்றால் போல்ட்டிலோ விசையிலோ கை வைக்க வேண்டும். பின்குறியோ துப்பாக்கி உடலின் பின்பகுதியிலேயே அமைந்தது. அது நல்ல குறி, சின்னத் துளை வழியாகப் பார்த்துச் சுடும் வகை. தொலைநோக்கி வைக்க அதை ஒதுக்கவேண்டும், இல்லையேல் மேலே உயரமாகத் தூக்கி வைக்க வேண்டும், அப்போது கன்னம் கட்டையில் படாது. தோட்டாக்களைப் பட்டையோடு மேலேயிருந்து ஒரே அழுத்தாக இறக்கும் வசதியும் தொலைநோக்கிக்குக் கீழே அடைபட்டுப் போகும். இப்படி ஒன்றைச் சரி செய்ய மற்றொன்றை வெட்டி, கடைசியில் நல்ல ராணுவத் துப்பாக்கியும் இல்லாத, நல்ல வேட்டைத் துப்பாக்கியும் இல்லாத ஒன்று கையில் இருக்கும்.

மௌசரில் இது இன்னும் மோசம். நேராக நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் கைப்பிடி தொலைநோக்கியில் இடிக்கும் என்று அதை அறுத்து வளைத்துப் பற்றவைப்பார்கள். மேல்நோக்கித் திரும்பும் பூட்டு இடிக்கும் என்று அதையும் மாற்றுவார்கள். மௌசரின் உடல் மேல்தோலில் மட்டும் கடினம் ஏற்றிய எஃகு, உள்ளே மென்மை. பற்றவைக்கும் சூடு தவறான இடத்தில் ஏறினாலோ, அழகுக்காக அதிகமாகத் தேய்த்தாலோ அந்தக் கடினத் தோல் போய்விடும். முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் சாமான் அது. கை தேர்ந்தவன் செய்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். எல்லோரும் தன் ஆள் கை தேர்ந்தவன் என்றுதான் சொல்வார்கள்.

எண்ணைப் பற்றி முன்பு சொன்னேனே, அதற்கு ஓர் உதாரணம் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. அமெரிக்காவில் முதல் உலகப் போர் சமயத்தில் சில ஸ்பிரிங்ஃபீல்டு 1903 துப்பாக்கிகள் உடல் சிதறி வெடித்தன. ஆராய்ந்து பார்த்தால், எஃகைப் பதப்படுத்திய தொழிலாளிகள் சூட்டைக் கண்ணால், நிறத்தைப் பார்த்து மதிப்பிட்டிருக்கிறார்கள். வெளிச்சமான நாளில் ஒரு நிறம், மேகமூட்டமான நாளில் இன்னொரு நிறம். சில உடல்கள் அதிகமாகச் சுட்டுப்போய் நொறுங்கும் தன்மை அடைந்துவிட்டன. எது நல்லது, எது கெட்டது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. எண்தான் சொல்லும். ஸ்பிரிங்ஃபீல்டு பட்டறையில் செய்தது என்றால் எட்டு லட்சத்துக்குக் கீழே எண் இருந்தால் சந்தேகம். அப்படிப்பட்டவற்றையும் எத்தனையோ பேர் அழகான வேட்டைத் துப்பாக்கியாக மாற்றினார்கள். மேலே மெருகும் செதுக்கலும் வந்தபிறகு அதை வாங்குகிறவன் கட்டையின் அழகைப் பார்ப்பானா, மங்கிப்போன எண்ணைப் பார்ப்பானா?

"வெட்டாத துப்பாக்கியை வைத்து வேட்டையாட முடியாதே" என்பது அடுத்த வாதம். ஏன் முடியாது? கனடாவின் வடகோடியில் பனிப்பிரதேசத்தில் ரேஞ்சர்கள் என்று ஒரு படை உண்டு. 1947-ல் தொடங்கியது. அதில் அந்த மண்ணின் மக்களே அதிகம். அவர்களுக்குக் கொடுத்தது லீ-என்ஃபீல்டு நம்பர் 4. வெட்டாமல், ராணுவக் கட்டையோடு, இரும்புக் குறியோடு, 2010-களின் பிற்பகுதி வரை அதையே தூக்கினார்கள். வெண்கரடியிடமிருந்து காத்துக்கொள்ளவும் அதுதான். உறைபனியில் வெண்கரடிக்குப் போதுமானது சொலோஞ் பன்றிக்குப் போதாதா? விரட்டு வேட்டையில் பன்றி ஓடிக் கடக்கும் தூரம் அதிகம் போனால் நம்ம தெரு நீளம். அதற்குத் தொலைநோக்கி எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. (பூட்டு இல்லாத குறை வெட்டாத மாஸுக்கும் உண்டுதான். அதனால் அவன் வேட்டைக்குப் புதுத் துப்பாக்கியே வாங்கட்டும் என்பது என் கட்சி. இதை மாதத்துக்கு ஒருமுறை சுடுதளத்துக்குக் கொண்டுபோய், அட்டையைச் சுடட்டும்.)

"லட்சக்கணக்கில் செய்தது, ஒன்று போனால் என்ன?" என்றார் பெஞ்சு நண்பர். பத்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள், வாஸ்தவம். நம்ம ஊரில் திண்ணை வீடுகள் எத்தனை இருந்தன? தமிழ்ப் பகுதியில் தெரு தெருவாக இருந்தன. ஒவ்வொருவரும் தன் வீடு ஒன்றுதானே என்று இடித்தார்கள். நானும்தான் முன்பக்கத் திண்ணையை எடுத்துவிட்டு ஸ்கூட்டர் நிறுத்த இடம் செய்தேன், 1988-ல். இப்போது சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும்போது என் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் விழுந்தபோது நாமெல்லாம் கடற்கரையில் நின்று பார்த்தோம். அதேபோலக் கட்டிவிட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அப்பா அம்மா கல்யாணப் பதிவுக்குப் படியேறிய மேரி அதுவல்ல என்பது எனக்குத் தெரியும்.

கடைசி வாதம்தான் கனமானது. பையன் எழுதினான்: "மனிதனைக் கொல்லச் செய்த கருவி, தாத்தா. அதை அழகான, அமைதியான ஒன்றாக மாற்றுவது நல்லதுதானே?"

இதற்குப் பதில் சொல்ல அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும்.

அப்பா 1948-ல் சைகோனுக்குக் கப்பலேறினார். வேலை இல்லை, வீட்டில் ஐந்து வாய். சொல்தாவாகப் போனால் சம்பளம், திரும்பி வந்தால் பென்ஷன். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தக் காசில்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அப்பா அப்படிச் சொன்னதில்லை. பிரெஞ்சுக்காரனுக்குக் கீழே இருந்த ஊரிலிருந்து போய், பிரெஞ்சுக்காரனுக்குக் கீழே இருக்கமாட்டேன் என்று எழுந்த இன்னோர் ஊர்க்காரன் எதிரே துப்பாக்கியோடு நின்றோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. குடித்த இரவுகளில் மட்டும் ஒரு ஆற்றைப் பற்றிச் சொல்வார், நடுவிலேயே நிறுத்திவிடுவார். அம்மா எங்களைப் படுக்கைக்கு அனுப்பிவிடுவாள். அந்தக் கதையின் மிச்சம் எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் சாகும்வரை இரண்டு எண்களை மறக்கவில்லை. ஒன்று அவருடைய மாத்ரிக்யூல். இன்னொன்று துப்பாக்கியின் எண். கடைசி வருஷம் என் பெயரையே தம்பி பெயரோடு குழப்பினார், ஆனால் துப்பாக்கி எண்ணை மட்டும் பிரெஞ்சில், ராணுவத்தில் சொல்லும் தொனியில், தங்குதடையில்லாமல் சொன்னார். நான் அதை என் பென்ஷன் டைரியின் பின் அட்டையில் குறித்து வைத்தேன், ஏன் என்று தெரியாமலே. பையன் படம் வந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த டைரியைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன். சிரிப்பீர்கள். கை கொஞ்சம் நடுங்கியது. முதல் எழுத்தே வேறு. அது அப்பாவுடையது இல்லை.

அப்படியானால் வேறு யாரோ ஒருவருடையது. அந்த ஆளும் எங்கேயோ, பிரெத்தாஞ்ஞிலோ செனெகலிலோ நம் காரைக்காலிலோ, அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லியிருப்பார். அவர் அதை வைத்து என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. அது அழகான விஷயமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் சொல்கிறேன், அழகாக்காதே. காலனிப் போரில் தூக்கிய துப்பாக்கி அசிங்கமாகத்தான் இருக்க வேண்டும். மொட்டையான கட்டை, குழலுக்கு அடியில் தலைகீழாகச் செருகி வைத்த ஊசி மாதிரி பயோனெட், முன்னுக்கு வளைந்த போல்ட் கைப்பிடி. பார்க்கிறவன் "இது என்ன, எதற்கு?" என்று கேட்பான், கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். வால்நட் கட்டையும் வெள்ளித் தகடும் வந்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். "எவ்வளவு ஆச்சு?" என்றுதான் கேட்பார்கள். அதிலும் அந்தத் தகட்டில் என் அப்பா பெயர். அவர் தொடாத துப்பாக்கியில், அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றின் மேல்.

"என் காசு, என் துப்பாக்கி" என்று அவன் சொல்லவில்லை. சொன்னாலும் தப்பில்லை, சட்டப்படி அவனுடையதுதான். ஆனால் படம் என்னுடையது.

நேற்றிரவு அவனுக்குப் பதில் எழுதினேன். பிரெஞ்சில்தான், அவனுக்குத் தமிழ் படிக்க வராது. வெட்டும் ஆசை அடங்காவிட்டால், ஏற்கெனவே வெட்டிக் கெடுத்த பழைய ஃபூர்னியே ஒன்றைத் தேடி வாங்கு என்றேன். அதில் பாவம் முன்பே நடந்துவிட்டது, முத்திரை பார்க்கிற யாரும் அதைச் சீண்டமாட்டார்கள், உன் ஆர்மூரியே ஆசை தீரச் செதுக்கட்டும். இந்தத் துப்பாக்கியை எண்ணெய் தடவி அப்படியே வை. மர ஒட்டு இருக்கும் இடத்தை மட்டும் கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்து அனுப்பு, அந்தத் தச்சன் வேலையை நான் பார்க்க வேண்டும் என்றும் எழுதினேன்.

ஆர்மூரியே திங்கட்கிழமைதான் கடை திறப்பாராம். நீலக் குறி இரண்டும் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.